வினைக்கு முன்னால் வருபவை

மார்ச் 5, செவ்வாய்

அண்ணனை டயாலிசிஸுக்கு அழைத்துப் போனேன். வழி முழுக்க மூடுபனி. ஜன்னலோர நாற்காலி கிடைத்தது. கையில் ஊசி ஏற்றும்போது வழக்கம்போல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அட்டவணையை எடுத்தேன்.

"எடுத்துட்டாருய்யா வாத்தியாரு," என்றான் அண்ணன். நர்ஸ் கார்லா சிரித்தாள்.

மொழி அலுவலகத்துக்காக ஒப்புக்கொண்ட வேலை. நம் செரோக்கிப் பழங்குடி மொழியில் வினைக்கு முன்னால் என்னென்ன ஒட்டுகள் வரும், எதற்குப் பின் எது வரும் என்று வகுத்துக் கொடுக்க வேண்டும். ஒப்புக்கொண்டிருக்கக் கூடாதோ என்னவோ. ஏழு வயதில், ஆங்கிலம் தவிர வேறு பேசவிடாத விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டவன் நான். டல்சா நகரத்தில் பிள்ளைகளுக்கு லத்தீன் சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றேன். சொந்த மொழி ஏழு வயதுப் பிள்ளை பேசும் அளவுக்குத்தான் வரும். விதி தெரியும், வாய் வராது. ஹைனர் அண்ணன் நம் ஊர் கென்வுட்டை விட்டு நகர்ந்ததே இல்லை. அவன் சொல்ல நான் எழுதுவது என்று ஏற்பாடு.

"'அவன் அதைத் தூக்கிட்டு வர்றான்' — எப்படிச் சொல்லுவே அண்ணே?"

"எவன்?"

"யாரோ ஒருத்தன்."

"எதைத் தூக்குறான்? உசிருள்ளதா, இல்லாததா?"

"ஏதோ ஒண்ணு."

"நம்ம பக்கமா வர்றானா, அந்தப் பக்கமா போறானா? இப்பத்தான் வர்றானா, போயிட்டு மறுபடி வர்றானா?"

"அதெல்லாம் தனித்தனிக் கட்டம் அண்ணே. ஒவ்வொண்ணா வருவோம்."

"யாருன்னு தெரியாதவன், எதுன்னு தெரியாததை, எங்கேன்னு தெரியாம தூக்கிட்டுப் போறான்னா போலீஸைக் கூப்பிடு. என்னை ஏன் கேக்குறே?"

அவன் சொல்வதில் தவறில்லை. யார், யாருக்கு, எந்தத் திசையில், எத்தனையாவது முறை — இவையெல்லாம் முன்னாலேயே வந்து நின்றால்தான் நம் வினைக்கு வாய் திறக்கும். லத்தீனில் வினையின் வாலைப் பிடித்து ஆளைக் கண்டுபிடிக்கலாம். இங்கே தலையைப் பார்க்க வேண்டும்.

ஒரு கட்டமும் நிரம்பவில்லை.

மார்ச் 7, வியாழன்

அண்ணனுக்கு இரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. அட்டவணையை எடுக்கவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

'பல' என்பதைக் குறிக்கும் 'தே' என்ற ஒட்டு. பாடுகிறான் என்று சொல்லும்போது அது ஒட்டிக்கொண்டே வருகிறது. ஒரு பாட்டுப் பாடினாலும் 'பல' ஏன் வர வேண்டும் என்று கேட்டேன்.

"நம்ம சர்ச்சுல எவனாச்சும் ஒரே ஒரு பாட்டோட எழுந்து வந்திருக்கானா? விருந்துக்கு வறுத்த பன்னி ஆறிப்போனப்புறந்தான் வருவானுங்க."

இனிவரும் காலத்துக்கும், நம்மை நோக்கி வருவதற்கும் ஒரே ஒட்டு. அதையும் கேட்டேன். "வரப்போறது நம்ம பக்கமாத்தானே வருது," என்றான். நான் இதை ஒரு பக்கம் முழுக்க விளக்கி எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டு அவன் சொன்னதையே எழுதினேன். அலுவலகம் இதை ஏற்குமா?

மார்ச் 16, சனி

திரும்பும் வழியில், காரில், அண்ணன் சொன்னான்: "நிறுத்திடலாம்னு இருக்கேன்."

காரைத்தான் சொல்கிறான் என்று நினைத்து ஓரம் கட்டினேன்.

"அந்த மெஷினைச் சொல்றேன்டா. டாக்டர்கிட்ட பேசிட்டேன். அது உங்க உரிமைன்னுட்டாரு. அதுக்கப்புறம் ஒரு வாரமோ என்னவோ, தூக்கம் தூக்கமா வருமாம். எனக்குப் போதும். கை வலிக்குது, கால் இழுக்குது, வீட்டுக்கு வந்தா படுக்கை, எழுந்தா மறுபடியும் அந்த நாற்காலி."

காரை மறுபடி சாலையில் ஏற்றினேன்.

"பாப்பாகிட்ட நீ சொல்லிடு. அவளுக்குத் தெரியாம நிறுத்தமாட்டேன். நானே சொன்னா அவ அழுவா, நானும் அழுவேன், செவ்வாய்க்கிழமை மறுபடி அங்கேதான் போய் உக்காருவேன். நீ படிச்சவன், பதமாச் சொல்லுவே."

பாப்பா என்றால் அவன் மகள் நோரீன். தூரத்தில், விச்சிட்டா நகரத்தில் இருக்கிறாள். அவளுக்கும் ஐம்பது ஆகிறது.

சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 17, ஞாயிறு

நோரீனை அழைக்கவில்லை. சர்ச்சில் இருப்பாள்.

மார்ச் 18, திங்கள்

அழைக்கவில்லை. வேலையில் இருப்பாள்.

மார்ச் 21, வியாழன்

எதிர்மறை. வினைக்கு முன்னால் 'இல்லை' என்று தனிச்சொல் ஒன்று. அது போதாதென்று வினையின் தலையிலும் ஒரு ஒட்டு. இரண்டும் வேண்டும்.

"ஒரு தடவை மாட்டேன்னா எவன் காதுல வாங்குறான்?" என்றான் அண்ணன். பிறகு, "சொல்லிட்டியா?"

"அவளுக்கு வேலை நேரம் தோதா இல்ல அண்ணே."

"ம்."

இரண்டு கட்டங்கள் நிரம்பின. வீட்டுக்கு வந்து நல்ல மையில் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. நான் சொல்லாத வரைக்கும் அவன் செவ்வாய், வியாழன், சனி என்று வருவான். கட்டங்கள் நிரம்பும். இதற்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேனா? சேச்சே. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

'நாம்' என்பதற்கு நம்மிடம் நான்கு. இனேகா — நீயும் நானுமாகப் போகிறோம். இதேகா — நாம் எல்லோரும். ஒஸ்தேகா — நானும் இன்னொருவரும், நீ கிடையாது. ஒஜேகா — நாங்கள் பலர், நீ கிடையாது. ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். அதை வைத்துக்கொண்டு எப்படித்தான் விருந்துக்குக் கூப்பிடுகிறார்களோ!

அண்ணன் பாதியில் தூங்கிவிட்டான். வாய் திறந்திருந்தது. கார்லா போர்வையை இழுத்துவிட்டாள். "ரொம்பக் களைச்சுப் போறாரு," என்றாள். தெரியும் என்றேன்.

ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு

நோரீன் பேரப் பிள்ளைகளோடு வந்திருந்தாள். காட்டு வெங்காயமும் முட்டையும் வதக்கினாள். அண்ணன் கைத்தடியோடு தோட்டம் முழுக்க நடந்து ஈஸ்டர் விளையாட்டுக்காக, பிள்ளைகள் தேடி எடுக்க முட்டை ஒளித்து வைத்தான். பிறகு எங்கே வைத்தோம் என்று அவனுக்கே மறந்துபோய்விட்டது. "தாத்தா, ஏமாத்துறீங்க!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

பாத்திரம் கழுவும்போது நானும் நோரீனும் மட்டும். "அப்பா தெம்பா இருக்காரு இல்ல சித்தப்பா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

ஜன்னல் வழியே அண்ணன் என்னைப் பார்த்தான். இல்லை என்று தலையசைத்தேன். அவன் முட்டை தேடப் போய்விட்டான்.

கோழை என்று என்னை நானே சொல்லிக்கொள்ளலாம். சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. பல் மருத்துவர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்பது போல இருந்தது.

ஏப்ரல் 23, செவ்வாய்

சென்றோம். வந்தோம்.

மே 2, வியாழன்

அண்ணன் நாற்காலியில் இருந்தபோது நோரீன் அவனுக்குப் போன் செய்தாள். கையில் ஊசி இருந்ததால் நான்தான் போனைப் பிடித்தேன். எல்லோருக்கும் கேட்டது.

"அப்பா, சாய்வு நாற்காலி ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். பட்டனை அமுக்குனா உங்களை எழுப்பி நிறுத்திரும். கிறிஸ்துமஸுக்குள்ள கொண்டாந்து போட்டுர்றேன்."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"சரி பாப்பா," என்றான்.

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். இறங்கும்போது, "சனிக்கிழமை அந்தத் தாளையெல்லாம் கொண்டா," என்றான். "எல்லாத்தையும்."

மே 4, சனி

ஊசி ஏறியதும் அண்ணனே சொன்னான்: "கேளு."

கேட்டேன். எவன், எதை, எந்தப் பக்கம் என்று அவன் கேட்கவே இல்லை. கடையில் சாமானுக்கு விலை சொல்வது போல வரிசையாகச் சொன்னான். நான் உனக்கு. நீ எனக்கு. அவன் நமக்கு. அங்கிருந்து. மறுபடியும். மறுபடியும் இல்லை. கேலி இல்லை, கதை இல்லை. கார்லா வந்து நின்று பார்த்துவிட்டுப் போனாள். நடுவில் நான் நிறுத்தினேன். "கேளுடா," என்றான்.

கடைசிக் கட்டமும் நிரம்பியது. இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னும் எதுனா பாக்கி இருக்கா?"

"இல்ல அண்ணே."

"அப்போ போன் பண்ணு."

பண்ணினேன். அவன் முன்னாலேயே. பதமாகவெல்லாம் வரவில்லை. "நோரீன், அப்பா மெஷினை நிறுத்தணும்கிறான்," என்று மட்டும் சொன்னேன். "அவர்கிட்டக் குடுங்க," என்றாள்.

அவன் காதில் பிடித்தேன். அவள் அழுவது எனக்குக் கேட்டது. அண்ணன் அழவில்லை. "ம்," என்றான். "ம். ஆமா பாப்பா. இல்ல, வலிக்கல. வா, வந்துடு."

மே 7, செவ்வாய்

பழக்கத்தில் விடிவதற்குள் எழுந்து காரைக் கிளப்பிவிட்டேன். பிறகு அணைத்தேன்.

நோரீன் ஞாயிறே வந்துவிட்டாள். என்னோடு அதிகம் பேசவில்லை. அண்ணன் பீன்ஸும் சோள ரொட்டியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சிறுநீரகத்துக்கு ஆகாதென்று இத்தனை வருடம் அளந்து கொடுத்த பீன்ஸ். காப்பியை இரண்டாம் தடவை ஊற்றச் சொன்னான். "எவன் கேப்பான் என்னை?" என்றான்.

மே 10, வெள்ளி

அட்டவணையை அனுப்பியிருந்தேன். மொழி அலுவலகத்திலிருந்து ஜேனல் கூப்பிட்டாள். "இவ்வளவு சுத்தமா யாருமே குடுத்ததில்ல சார்," என்றாள். நன்றி சொன்னேன்.

சுத்தமாகத்தான் இருக்கிறது. சனிக்கிழமை சொன்னதில் ஒரு பிழை இல்லை. அதில் ஆளும் இல்லை. யாரோ, எதையோ, எங்கேயோ.

மே 13, திங்கள்

இரண்டு நாளாக அண்ணன் ஆங்கிலம் பேசுவதில்லை. நோரீனுக்கு நம் மொழி தெரியாது. அவன் அவளுக்குச் சொல்லித்தரவில்லை, பள்ளியில் அடி வாங்குவாள் என்று பயம் அப்போது. அவன் சொல்வதை நான் அவளுக்குச் சொல்கிறேன், அவள் சொல்வதை அவனுக்கு. நாள் முழுவதும் பேசிக்கொண்டே இருக்கிறேன். தொண்டை கட்டிவிட்டது.

மத்தியானம் கண்ணை மூடியபடி, "ஒஸ்தேகா," என்றான்.

"என்ன சொல்றாரு?"

"போறாங்களாம். அவனும் இன்னொருத்தரும். நாம இல்ல."

நோரீன் வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மாவா?" என்றாள். அவள் அம்மா போய்ப் பல வருடம்.

"யாரோட அண்ணே?" என்று அவன் காதருகே கேட்டேன்.

"டெல்பர்ட்டோட. மீன் குத்துற ஈட்டியை வண்டியில போட்டியா, இல்லியா?"

டெல்பர்ட் பக்கத்து வீட்டுக்காரன். அடுத்த அறையில் சோள ரொட்டி தின்றுகொண்டிருந்தான். நோரீனிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். நான் என்னவென்று தெரியாமல் அவள் முதுகில் கை வைத்தேன்.

மே 16, வியாழன்

காலையில். நோரீன் பக்கத்தில் இருந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன்.

மே 18, சனி

நம் வழக்கப்படி ஊர்க்காரர்களே மண்வெட்டியோடு வந்து குழி தோண்டினார்கள். பெண்கள் கொட்டகையில் சமைத்தார்கள். எனக்கு நாற்காலி போட்டார்கள். நான் உட்காராமல் நின்றதைப் பார்த்து டெல்பர்ட் மண்வெட்டியை நீட்டினான்.

"ஒரு வெட்டு போடுங்க வாத்தியாரே. ஒண்ணே ஒண்ணு. இதே நாள்ல இன்னொரு குழி தோண்ட எங்க முதுகு தாங்காது."

ஒன்று போட்டேன். களிமண். வரவே இல்லை.

மே 19, ஞாயிறு

அடக்கம். பாடினார்கள். நானும் உதட்டை அசைத்தேன்.

மே 26, ஞாயிறு

நோரீன் அண்ணனின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்: "உங்ககிட்ட முதல்ல எப்போ சொன்னாரு சித்தப்பா?"

"மார்ச்சுல."

மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"மார்ச்சுல எப்போ?"

"நடுவுல."

"நான் ஈஸ்டருக்கு வந்தப்போ உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"எனக்காக அவரு அங்கே போய்ப் போய் உக்காந்துட்டு இருந்திருக்காரு."

ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா என்று இப்போது நினைவில்லை. பெட்டியைக் காரில் ஏற்றிக் கொடுத்தேன். போய்விட்டு வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை.

ஜூன் 2, ஞாயிறு

நோரீன் அழைக்கவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

அழைக்கவில்லை. அவள் அழைக்க வேண்டும் என்று ஏன் காத்திருக்கிறேன்?

ஜூன் 16, ஞாயிறு

தந்தையர் தினமாம். கடை வாசலில் பலகை வைத்திருந்தார்கள். அவளுக்கு இன்று எப்படி இருக்கும்? கேட்கலாம். கேட்கவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

நானே அழைத்தேன். மணி போகும்போதே வைத்துவிடலாம் என்றிருந்தது. வைக்கவில்லை.

"சொல்லுங்க," என்றாள்.

"நோரீன். உன்கிட்ட ஏன் சொல்லலைன்னா… பயம்னு நினைச்சேன். அப்புறம் அந்த அட்டவணைக்காகன்னு நினைச்சேன். கொஞ்சம் அதுவும் இருக்கும்மா, இல்லேங்கல. ஆனா சொன்னா அவன் போயிடுவான். அவன் போறது எனக்குப் பிடிக்கல."

அவள் வீட்டில் ஏதோ பாத்திரம் உருண்டது.

"அவருக்கு வலிச்சுதே," என்றாள்.

"ஆமா."

"என் பேரப்பசங்களோட முட்டை தேடுனாரே."

"ஆமா."

"இது ரெண்டையும் நான் என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல."

"எனக்கும் தெரியல."

வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன். வைக்கவில்லை. அங்கே மழை உண்டா என்று கேட்டாள். இல்லை, காய்கிறது என்றேன்.

"இங்கேயும் இல்ல சித்தப்பா," என்றாள்.