பக்கத்து மீன்வேலி

அன்பு மகள் ரவ்தாவுக்கு அம்மா எழுதுவது. இறைவன் கருணையால் நானும் அப்பாவும் சுகம், ஈரக்காற்று அடித்தால் என் முழங்கால் மட்டும் முனகும். மார்செய் குளிரில் நீயும் மருமகனும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தொழும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். மாடியில் பேய்க்கணவாய் காயப்போட்டிருக்கிறேன், பூனையை விரட்டிக்கொண்டே எழுதுவதால் எழுத்து கோணும், பொறுத்துக்கொள்.

அப்பாவைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், போனில் என்றால் பக்கத்தில் நின்று என் வாயை அடைத்துவிடுவார். நாமும்தான் கடலில் பேரீச்சை மட்டை நட்டு மீன்வேலி கட்டுகிறோம், ஆனால் நீரோட்டம் வளைகிற இடத்தில் பக்கத்து ஃபர்ஜானியின் வேலி இருப்பதால் மீன் என்னவோ அவர் வேலி முனைக் கூடையில்தான் போய் விழும். கல்யாணமாகி வந்த நாள்முதல் பார்க்கிறேன், அப்பா கரைக்கு வந்தால் தன் கூடையைப் பார்க்கமாட்டார், ஃபர்ஜானியின் படகு மீன் பாரத்தில் எவ்வளவு தாழ்ந்து வருகிறது என்றுதான் பார்ப்பார். "உங்களுக்கு எதுக்கு கூஸ்கூஸ், ஃபர்ஜானி மீனை நெனச்சாலே வயிறு ரொம்பிடுமே" என்று நான் சீண்டினால் கோபித்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

போன மழைக்காலத் தொடக்கத்தில் ஃபர்ஜானி படகிலிருந்து வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். மனைவி இல்லை, கணவனை இழந்து வந்த மகள் மப்ரூகா மட்டும்தான் துணை. படுத்தபடியே அப்பாவைக் கூப்பிட்டு, "தாஹர், வேலியைப் பாத்துக்கப்பா, மட்டை சாஞ்சா எல்லாம் போச்சு" என்றாராம். அப்பா ஆரம்பத்தில் பேயறைந்தவர் மாதிரிதான் இருந்தார். "ஸக்கியா, அங்க நிக்கும்போது இது என்னுதுன்னே தோணுது, பயமா இருக்கு" என்று என்னிடம் சொன்னார். ஆனாலும் அந்த வேலியின் மீனில் ஒன்றைக்கூடத் தொடாமல் அப்படியே ஃபர்ஜானி வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத்தான் நம் வீட்டுப் படி ஏறுவார். போகப்போக ஆளே மாறினார். ஒருநாள் நனைந்து வந்து உட்கார்ந்தவர், "அங்கயும் கூடை காலியா வர்ற நாள் இருக்குடி. மீனைக் கொண்டுவர்ற அதே ஓட்டம்தான் மட்டையையும் பிடுங்கிட்டுப் போகுது. மனுஷன் பாதி நாள் கழுத்துத் தண்ணில நின்னு வேலியைத்தான் கட்டியிருக்கான். நான் அவன் படகு ரொம்பி வந்த நாளை மட்டும்தான் பாத்திருக்கேன்" என்றார். மறுநாளே நம் வேலியில் வெகுநாளாகச் சாய்ந்து கிடந்த மூலையைச் சரிசெய்யக் கிளம்பினார்.

குளிர் விடும் சமயம் ஃபர்ஜானியே சொல்லி அனுப்பினார், இனி எனக்குக் கடல் இல்லை, வேலியை நீயே எழுதி வாங்கிக்கொள், வெளியாளுக்குப் போக வேண்டாம் என்று. யாரும் குறை சொல்ல முடியாத பேச்சு, எனக்கும் சந்தோஷம்தான். இரண்டு பேரும் போனோம். காபி கொண்டுவந்த மப்ரூகாவின் முகம் அழுது வீங்கியிருந்தது. "நீ என்னம்மா சொல்றே?" என்று அப்பா கேட்டார். "நான் சொன்னா யாரு கேப்பாங்க மாமா? எனக்குக் கூடை வைக்கவும் தெரியும், மட்டை நடவும் தெரியும். பொம்பளைக்கு எதுக்கு வேலின்னு சிரிக்கிறாங்க" என்றாள். அப்பாவுக்கு ஆசை சாகவில்லை ரவ்தா, வாய்வரை கொண்டுபோன காபியைக் குடிக்காமலே கீழே வைத்தார். பிறகு சொன்னார், "ஃபர்ஜானி, வேலி இவ பேர்லயே இருக்கட்டும். மட்டை நடுற அன்னைக்கு நான் வந்து நிக்கிறேன். எனக்கு என் வேலி போதும்." ஃபர்ஜானி எழுந்திருக்கப் பார்த்தார். "பைத்தியமாடா உனக்கு? காலமெல்லாம் என் வேலியை முறைச்சு முறைச்சுப் பாத்தவன்தானே நீ?" என்றார். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "தெரிஞ்சுமா என் கையில குடுத்தே?" "உன்னைவிட ஆசையா அதை யாருடா பாத்துப்பாங்க?" இருவரும் சிரித்த சிரிப்பில் மப்ரூகாவும் சிரித்துவிட்டாள்.

போன வெள்ளிக்கிழமை மப்ரூகாவின் படகு விளிம்புவரை தாழ்ந்து வந்தது. நான் கடலைப் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தேன். "மெதுவாம்மா, கவுத்துடாதே!" என்று கத்திக்கொண்டே கால்சட்டை நனைய ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார். இவர் என் வீட்டுக்காரர் என்று பக்கத்தில் நின்ற பெண்களிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது, அவர்களுக்குத் தெரியாதா என்ன என்று அடக்கிக்கொண்டேன்.

உன் வீட்டில் வெளிச்சமும் பரக்கத்தும் குறையாமல் இருக்கட்டும், குழந்தையின் நெற்றியில் என் முத்தம். அவள் காதுவலிக்கு டாக்டரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதே. இதையெல்லாம் நான் எழுதியது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
ஸக்கியா