விரல் மழை

ஜூன் 16, திங்கள்

எல்கேஜியில் இன்று யானைக்கு வண்ணம் தீட்டினோம். அச்சடித்த தாள், சாம்பல் கிரேயான். ரைஹான் கேட்டான்: "மிஸ், யானை மேல மழை பேஞ்சா என்ன கலரு?" தாளில் மழைக்கு இடமே இல்லை.

ஜூன் 18

தலைமை ஆசிரியை மெஹராஜ் மேடத்திடம் கேட்டே விட்டேன். தினமும் ஒரு மணி நேரம், தாள் இல்லாமல். களிமண், பாட்டு, வண்ணம், கதை நடிப்பு. "செய்யும்மா ரெபேக்கா. ஆனா பெத்தவங்க வந்து நின்னா நீதான் பதில் சொல்லோணும்." சரி என்று சொல்லி வந்திருக்கிறேன். வாய் கொஞ்சம் பெரிதுதான் எனக்கு.

ஜூலை 3

பீட்ரூட் சாறு, மஞ்சள் தண்ணீர். பிள்ளைகளுக்கு முழங்கை வரை சிவப்பு. இளவேனில் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வட்டம் போட்டாள். என்ன கண்ணு இது என்றால், "எங்கப்பா பட்டறை சத்தம் மிஸ்" என்கிறாள். சத்தத்தை வரைந்திருக்கிறாள்! இதையே திரும்பத் திரும்பச் சொல்லி, வீட்டில் என் கணவர் பெனடிக்டைச் சாப்பிட விடவில்லை நான். பாவம் மனுஷன்.

ஜூலை 21

இளவேனிலின் அப்பா திருமலைசாமி வந்தார். இங்கே கணபதி ஏரியாவிலேயே லேத் பட்டறை வைத்திருக்கிறார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மரியாதையாகக் கேட்டதுதான் வலித்தது.

"ஏனுங்க மிஸ், பாப்பா அவ பேரையே இன்னும் எழுத மாட்டீங்கறா. பெரிய ஸ்கூல்ல சேர்க்கப் போனா இந்தச் செவப்புக் கையைக் காட்டறதுங்களா?"

மண் பிசைந்து பழகிய விரல் பென்சிலை நன்றாகப் பிடிக்கும் என்றேன். "ஆகட்டுங்க" என்று எழுந்துவிட்டார். நம்பவில்லை.

ஆகஸ்ட் 18

பெற்றோர் சிலர் சேர்ந்து மேடத்திடம் போயிருக்கிறார்கள். திருமலைசாமியும்தான். பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்று ஆண்டு விழாவில் காட்ட வேண்டுமாம். இல்லையென்றால் பழையபடி தாள். எல்கேஜிக்கு வேறு மிஸ்.

ஓய்வறையில் உட்கார்ந்து அழுதேன். ஏன்டி ரெபேக்கா, உனக்கெதுக்குடி இந்த வேலையெல்லாம்? — இல்ல. எனக்குத்தான் இந்த வேலை. வேற யாரு செய்வா?

ஆகஸ்ட் 19

சனிக்கிழமை பெற்றோரை வரச் சொல்லிவிட்டேன். பேச அல்ல, விளையாட.

ஆகஸ்ட் 23, சனி

கொஞ்சம் பேர்தான் வந்தார்கள். திருமலைசாமி மகளை விட்டுவிட்டு நழுவப் பார்த்தார். அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, போகாதீங்க. நீங்கதான் மழை."

"நானா? மழையை எப்படிக் கண்ணு பெய்யறது?"

அவர் உள்ளங்கையை விரித்து, ஒரு விரலால் தட்டிக் காட்டினாள். பிறகு இரண்டு விரல். பிறகு முழுக் கை. மற்ற பிள்ளைகளும் தங்கள் அப்பா அம்மாவைப் பிடித்து உட்கார வைத்தார்கள். மெல்லத் தூறி, வலுத்து, அறை முழுக்க மழை! அவள் கையை மூடியதும் எல்லோரும் கப்சிப்.

போகும்போது, "பேரெழுதறது எப்பங்க மிஸ்?" என்றுதான் கேட்டார். ஆனால் சிரித்துக்கொண்டே.

டிசம்பர் 5

ஆண்டு விழாவுக்குச் சினிமாப் பாட்டு டான்ஸ் கிடையாது. மழையைத் தேடிப் போகும் யானையின் கதை, பிள்ளைகளே கட்டியது. தினம் மாறுகிறது. நேற்று யானை செத்துப்போனது. இன்று பிழைத்து, ஆர்.எஸ்.புரத்தில் டீ குடிக்கிறது. விழாவன்று என்ன ஆகுமோ!

ஜனவரி 8

இளவேனில் படத்துக்குக் கீழே யாரும் கேட்காமலே பெயர் எழுதியிருக்கிறாள். 'இள' வரை எழுத்து. மிச்சத்துக்கு ஒரு பூ.

ஜனவரி 24, சனி

ஆண்டு விழா முடிந்து இப்போதுதான் வந்தேன். எழுதிவிட வேண்டும்.

யானை வேஷத்தில் ரைஹான் மேடை நடுவே வந்தான், கூட்டத்தைப் பார்த்தான், வசனம் போயே போய்விட்டது. உதடு பிதுங்கியது. கீழே யாரோ சிரித்தார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் எழுந்தேன். அதற்குள் இளவேனில் மேடை விளிம்புக்கு வந்து, கூட்டத்தைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினாள்.

பலருக்கும் புரியவில்லை. ஒருவர் மட்டும் எழுந்து நின்று உள்ளங்கையில் தட்டினார். திருமலைசாமி. "தட்டுங்க, பாப்பா சொல்றாளில்ல!" என்று பக்கத்தில் இருந்தவர்களையும் கிளப்பினார். ஒரு விரல், இரண்டு விரல், முழுக் கை — மண்டபமே கொட்டித் தீர்த்தது. மெஹராஜ் மேடம்கூட! அவள் கையை மூடினாள். அந்த அமைதியில் ரைஹான் கத்தினான்: "யானை நனைஞ்சு போச்சு!"

கைதட்டல் நிற்கவே இல்லை. கர்த்தரே, நன்றி.

பிப்ரவரி 12

அடுத்த வருஷம் யுகேஜிக்கும் இந்த ஒரு மணி நேரம் உண்டு என்று மேடம் சொல்லிவிட்டார்.

மாலையில் பட்டறை வழியாக வந்தேன். ஷட்டரை இறக்கிவிட்டிருந்தார்கள். இளவேனில் ஸ்டூல் மேல் நின்று அதில் பெரிய பெரிய நீல மீன்களாக வரைந்துகொண்டிருந்தாள். திருமலைசாமி பெயின்ட் டப்பாவை ஏந்திக்கொண்டு நின்றார். அழகாக இருந்ததால் கிட்டப் போய்க் கை நீட்டினேன்.

"ஏனுங்க மிஸ், தொட்டுப்போடாதீங்க," என்று பதறினார். "இன்னும் காயலைங்க."