அவர் போட்டுக் கொடுத்த குறுக்குவழி

14.8.2001, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் உரக்கடைக் கம்ப்யூட்டரில் எஸ், கே என்று இரண்டு எழுத்து தட்டினால் போதும், சாயல்குடிக் கிளைக்குப் பில் போடும் புரோகிராம் திறந்துவிடும். மஸ்கட் போகுமுன் என் வீட்டுக்காரர் எனக்காகச் செய்துவைத்தது. போனில் அவருடைய முதல் கேள்வியே, "நான் போட்டுக் குடுத்தது ஓடுதா?" என்பதுதான். "ஓடுது. நீங்க எப்ப வாரீக?" என்பேன். உடனே பேச்சைக் கம்ப்யூட்டருக்கே திருப்பிவிடுவார்.

இன்று கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. கைப்பழக்கத்தில் எஸ், கே தட்டினேன். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது.

"முழுசா அடிச்சுட்டுப் போம்மா, கையா தேஞ்சிரும்?" என்றார் முதலாளி.

எரிச்சலாக வந்தது. அந்தக் குறுக்குவழியை இதிலும் இரண்டு வரி எழுதினால் சரியாகிவிடும், எனக்கே தெரியும். எழுதவில்லை. வெள்ளிக்கிழமை போனில் "ஓடலை" என்று சொல்லப்போகிறேன். வாரேன் என்கிறாரா, இல்லை, எப்படி எழுதுவதென்று போனிலேயே சொல்லித் தருகிறாரா, பார்க்கலாம்.