பின் ஸ்பிரிங் மேல் ஒரு குற்றமும் இல்லை

நாமக்கல்,
திங்கட்கிழமை காலை

அன்புள்ள யுவஸ்ரீ சாமிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே உன் அம்மாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும். போன வாரம் போனில் பேசும்போது உன் மூக்கு அடைத்திருந்தது, ஜெர்மனிக் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, ரசத்துக்கு மிளகு தீர்ந்திருந்தால் சொல், அனுப்பி வைக்கிறோம். உன் மாமா மேச்சேரிக்குப் போய் இரண்டு கிடா வாங்கி வந்து கட்டியிருக்கிறார், இரண்டும் நாள் முழுக்கக் கத்துகின்றன, தெருவே அவரைத் திட்டுகிறது. உன் அம்மாவின் முட்டிவலி தேவலை. இப்படி ஊர்ச் சேதியெல்லாம் எழுதி அப்பா எதையோ தள்ளிப்போடுகிறார் என்று உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். சனிக்கிழமை பேசி வைத்த பிறகு நீ நான்கு முறை கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. பட்டறையில் வேலையாக இருக்கிறார் என்று சொல்லச் சொல்லி உன் அம்மாவிடம் கெஞ்சினேன், அவள் "நாஞ் சொல்ல மாட்டனுங்க, உங்க பொய்யை நீங்களே சொல்லிக்கோங்க" என்று போனை என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் வராது, அதனால்தான் தாளில் எழுதுகிறேன். உன் அம்மா பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புவாள். வியாழக்கிழமைக் கூட்டத்துக்குள் நீ இதைப் படித்துவிட வேண்டும்.

அந்த மின்சார மலைச் சைக்கிளைப் பற்றி நான் உனக்கு அனுப்பிய ஆறு தாள் மதிப்பீடும் பொய் சாமி. பின் ஸ்பிரிங் ஆளைத் தூக்கி எறிகிறது, இது நம் ஊர்க் கல்லுக்கு ஆகாது என்று எழுதினேனே, அந்த ஸ்பிரிங் மேல் ஒரு குற்றமும் இல்லை. குற்றமெல்லாம் என் மேல். இதை எழுதி முடிப்பதற்குள் இரண்டு முறை பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். பங்குனியில் அந்தப் பெட்டி வந்து இறங்கியபோது எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை. பேட்டரி பெரிதா சின்னதா, எந்த பிரேக், எந்த சீட், எந்த ஸ்பிரிங் என்று வாங்குகிறவர் கேட்டபடியெல்லாம் மாற்றிக் கட்டிக்கொடுக்கிற சைக்கிள், அதில் பின் ஸ்பிரிங் நீ தேர்ந்தெடுத்தது, அதற்காக உன் மேலதிகாரியோடு ஒரு வருடம் வாதாடியிருக்கிறாய், வெயில் ஊரில் ஓட்டிப் பார்க்க ஆள் வேண்டும் என்றபோது "எங்கப்பா முப்பத்தாறு வருசமா லாரி ஸ்பிரிங் கட்டறவரு, கையை வெச்சே குணத்தைச் சொல்லிடுவாரு" என்று என் பெயரைக் கொடுத்திருக்கிறாய். இதைப் பரமத்தி ரோட்டில் டீக்கடை டீக்கடையாகச் சொன்னேன். வீடியோவில் நீ எவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாய். பின் ஷாக் அப்சார்பரின் தண்டில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும், ஏறி உட்கார்ந்தால் தண்டின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு அது தள்ளிப்போக வேண்டும், ஓட்டுகிறவர் எடைக்குத் தக்கபடி காற்றடித்து அந்த அளவுக்குக் கொண்டுவர வேண்டும், அப்போதுதான் சக்கரம் முக்கால் சாண் ஏறி இறங்கினாலும் ஆள் அசையமாட்டான் என்றாய். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். போனை வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன், நீ சொன்னபடியே பின்பக்கம் கீழே போயிற்று. உடனே இறங்கிவிட்டேன்.

நம் தொழில் உனக்குத் தெரியும், பட்டறையில்தானே வளர்ந்தாய். புது லாரி எடுத்தால் ஓனர் முதலில் கோயிலுக்குக் கொண்டுபோவார், அடுத்து என்னிடம் கொண்டுவருவார். பக்கத்துக்கு இரண்டு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகச் சேர்த்துக் கட்டாமல் முதல் லோடு ஏற்றமாட்டார். கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்த ஸ்பிரிங்கை அப்படியே நம்புகிறவனை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை. லோடு ஏற்றி வண்டி உட்கார்ந்தால் அது கட்டினவனுக்கு அவமானம். அந்தப் புத்திதான் எனக்கு. படித்த பிள்ளை என்னவோ சொல்கிறது, பாவம், லோடு பற்றி அதற்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு, நீ அனுப்பிய பம்பை எடுத்து முள் கடைசிக் கோட்டைத் தொடும்வரை அடித்தேன். முன்பக்கமும் அப்படியே. பிறகு ஏறி உட்கார்ந்தேன், கல்லு மாதிரி நின்றது, வளையம் ஒரு நூல்கூட நகரவில்லை. இப்போதுதான் சரி என்று கையைத் தட்டிக்கொண்டேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ மறுபடி காற்றை இறக்கச் சொல்வாய் என்று தெரியும்.

அதோடு விட்டேனா. நான் அதை ஓட்டவும் இல்லை சாமி. லாரி ஓனர்கள் பார்க்க ஐம்பத்தெட்டு வயதில் சைக்கிள் மிதித்துக்கொண்டு போவதா என்று வெட்கம். மகள் வெளிநாட்டிலிருந்து அப்பனுக்குச் சைக்கிளா அனுப்பினாள் என்று ஒருத்தன் கேட்டும்விட்டான். பட்டறைக்குள்ளேயே இரண்டு சுற்று சுற்றினேன், அவ்வளவுதான். ஆனால் வாரத்துக்கு இரண்டாக நீ எழுதச் சொன்ன தாள்களில் முதல் வாரம் கல்பாதையில் பத்து கிலோமீட்டர், இரண்டாம் வாரம் ஏற்றத்தில் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று எழுதி, ஒவ்வொரு தாளிலும் பட்டறை முத்திரையைக் குத்தி அனுப்பினேன். நீ அதையெல்லாம் ஜெர்மன் மொழியில் மாற்றி உன் மேலதிகாரிக்குக் கொடுத்தாய் என்று நினைத்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மூன்றாம் வாரம் பூபதியை அனுப்பினேன். பதினான்கு வருடமாகப் பட்டறையில் என் வலதுகை மாதிரி இருக்கிறவன், நான் சொன்னால் மறுபேச்சு பேசாதவன். காரவள்ளிக்குக் கொண்டுபோய் மலை அடிவாரத்துக் கல்பாதையில் ஓட்டிவிட்டு வாடா என்றேன். கீழே இறங்கும்போது பின்சக்கரம் ஒரு கல்லில் ஏறித் துள்ளியிருக்கிறது, அவனைத் தலைகுப்புறத் தூக்கி வீசிவிட்டது. காறை எலும்பு உடைந்து கையைக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் போட்டிருக்கிறான். இதுவரைக்கும் உனக்குத் தெரியும், சைக்கிள்தான் தள்ளிவிட்டது என்று நான்தானே எழுதினேன். தெரியாதது ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்த அந்த நிமிடமே உன் ரப்பர் வளையம் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொன்னால் அது ஏழாவது பொய்யாகிவிடும். என் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதற்குள் முந்திக்கொள்ள வேண்டும் என்றுதான் அன்று சாயங்காலமே உட்கார்ந்து அந்த ஆறாம் தாளை அவ்வளவு காரமாக எழுதினேன்.

பிறகு சனிக்கிழமை நீ பேசினாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், உன் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். "நீங்க சொன்னா சரியாத்தானுங்கப்பா இருக்கும், நாந்தான் தப்பானதை எடுத்துட்டேன், வியாழக்கிழமை கூட்டத்துல அந்த ஸ்பிரிங்கை எடுத்துரச் சொல்லிடறேன்" என்றாய். ஒரு வருடம் வாதாடி ஜெயித்ததை அப்பன் சொன்ன ஒரு சொல்லுக்காகக் கீழே வைக்கிறேன் என்கிறாய், ஏன் எப்படி என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. நீ கேட்டிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். நானும் சரி சாமி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். என்ன மனுஷன் பார்.

பூபதி விழுந்த நாளிலிருந்து சைக்கிள் பட்டறை மூலையில் அப்படியேதான் சாத்தியிருந்தது. நேற்று காலை உன் அம்மா அங்கே போய்க் குனிந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "ஏனுங்க, பாப்பா சொன்ன வளையம் அசையவே இல்லீங்களே, பூபதி உழுந்தப்பக்கூட இது அசையலீங்களா" என்றாள். நான் மேலே பார்த்துக்கொண்டு நின்றேன். "ஸ்பிரிங் வேலையே செய்யலியே, அப்பறம் அது கெட்டதுன்னு எப்புடிங்க எழுதுனீங்க" என்றாள். முப்பத்தாறு வருடத்தில் எந்த ஓனரும் என்னை இப்படி ஒரு கேள்வி கேட்டு நிறுத்தியதில்லை. பட்டறைப் பக்கமே வராதவள், நீ வீடியோவில் சொன்னதைக் காய் நறுக்கிக்கொண்டே கேட்டு மனதில் வைத்திருக்கிறாள், எதிரே உட்கார்ந்து தலையாட்டிய எனக்கு ஏறவில்லை. அவளே காற்றை இறக்கி ஏறி உட்கார்ந்து வளையத்தைப் பார்த்துச் சரிசெய்துகொண்டாள், ஜேடர்பாளையத்தில் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போன கால் ஆயிற்றே, சேலையைச் செருகிக்கொண்டு பட்டறை வாசலில் கிடந்த ஜல்லிக் குவியல் மேலேயே ஏற்றி இறக்கினாள். அவள் பாட்டுக்குத் திரும்பி வந்து "மெத்தையாட்டம் இருக்குதுங்க" என்றாள்.

அதற்குமேல் எனக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. என் எடைக்கு மறுபடி காற்றடித்து, குட்டியானை வண்டியில் ஏற்றி, இரண்டு பேரும் காரவள்ளிக்குப் போனோம். பூபதி விழுந்த அதே பாதை. உன் அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை, ஹெல்மெட் பட்டையை மட்டும் இழுத்துப் பார்த்தாள். அவனைத் தூக்கி வீசிய அந்தக் கல்லின் மேலேயே விட்டேன். சக்கரம் ஏறி இறங்கியது கீழே தெரிந்தது, நான் அசையவில்லை. கீழே வந்து நிறுத்திவிட்டு ஒரு பாறை மேல் உட்கார்ந்தேன். அழுதேன் சாமி, மறைக்க என்ன இருக்கிறது. இவ்வளவு நல்ல பொருளை என் பிள்ளை செய்திருக்கிறது, அதை நான் கெட்டது என்று எழுதி முத்திரை குத்தியிருக்கிறேன்.

அங்கிருந்து நேராகப் பூபதி வீட்டுக்குப் போனேன். உனக்கு எழுதுவதற்கு முன்னால் அவனிடம் சொல்ல வேண்டும் என்று பட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அவன் "பாப்பா வண்டியை ஒடச்சுப்போட்டனுங்ணா, பிரேக்கை நாஞ் சரியாப் புடிக்கலீங்ணா" என்று ஆரம்பித்துவிட்டான். மூன்று வாரமாக அவன் இதையேதான் நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறான். சொன்னேன், எல்லாம் சொன்னேன். அவன் "அப்ப என் மேல தப்பில்லீங்களாண்ணா" என்று மட்டும் கேட்டான். இல்லடா என்றேன். அவன் பெண்டாட்டி சித்ராதான் கேட்டாள், "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே, இவரு ராத்திரியெல்லாம் தன்னைத்தானே நொந்துக்கிட்டுக் கெடந்தாருங்க" என்று. அவள் கேட்டது நியாயம். டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

இனி இதுதான் என் உண்மையான மதிப்பீடு, கூட்டத்துக்கு இதைக் கொண்டுபோ. நீ சொன்ன அளவுக்குக் காற்று வைத்தால் பின் ஸ்பிரிங் நம் கல்லுக்குத் தாராளமாகத் தாங்கும், இறக்கத்தில் சக்கரம் தரையை விடவில்லை. முன்பக்கமும் அப்படியே. நேற்று உச்சி வெயிலில் ஏற்றத்தில் போனேன், மோட்டார் திணறவில்லை, பேட்டரி தொட்டால் கொஞ்சம் சூடு, கை சுடுகிற அளவுக்கு இல்லை, ஆனால் ஒரே நாள்தான் பார்த்தேன், அதை வைத்து எதையும் முடிவாகச் சொல்லமாட்டேன். பிரேக் பிடித்தால் நிற்கிறது. செயினில் புழுதி சேர்கிறது. ஸ்டாண்டு இல்லாதது குற்றம்தான், அதிலிருந்து நான் இறங்கி வரமாட்டேன், இவ்வளவு பெரிய கம்பெனிக்கு ஒரு ஸ்டாண்டு வைக்கவா கை வலிக்கிறது. இன்னொன்றும் எழுதிக்கொள். எத்தனை கிலோ ஆளுக்கு எவ்வளவு காற்று என்று பம்பு மேலேயே பெரிய எழுத்தில் ஒட்டச் சொல். புத்தகத்தில் போட்டால் என்னைப் போன்றவன் படிக்கமாட்டான், எல்லாம் தெரியும் என்று முள் முட்டும்வரை அடிப்பான்.

நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். சோதித்தவர்களில் ஒருவர் தவறு செய்துவிட்டார் என்று பெயர் சொல்லாமல் பொதுவாகச் சொல்லி என்னைக் காப்பாற்றப் பார்ப்பாய். வேண்டாம். அந்த ஆறு தாளிலும் என் பெயர் இருக்கிறது, இதிலும் இருக்க வேண்டும். எங்கப்பா காற்றை அதிகமாக அடித்துவிட்டு ஓட்டாமலேயே எழுதினார், அதனால் ஒருவருக்கு எலும்பு உடைந்தது என்று எழுந்து நின்று சொல். அவர்கள் சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள், நான் இங்கே இருக்கிறேன், எனக்குக் கேட்காது. உன் ஸ்பிரிங்கை மட்டும் கீழே வைத்துவிடாதே. நான் சொன்னேன் என்பதற்காகச் சரியென்று தலையாட்டுவதையும் இன்றோடு விட்டுவிடு, எதிர்த்துக் கேள், உன் அம்மா கேட்டாள் பார் அப்படி.

வேளைக்குச் சாப்பிடு, கூட்டத்துக்கு வெறும் வயிற்றோடு போகாதே. ஆஞ்சநேயர் உன் கூடவே இருப்பார், நினைத்தது நடந்து நீ நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். பூபதிக்கு ஒரு போன் போட்டுப் பேசு, வண்டி உடையவில்லை என்று உன் வாயால் கேட்டால் அவனுக்கு நிம்மதியாக இருக்கும்.

இதைப் படித்து முடித்ததும் எனக்கும் கூப்பிடு. நீ திட்டத்தான் கூப்பிடுவாய் என்று தெரியும். இந்த முறை எடுக்கிறேன்.

உன் அப்பா,
ப. செங்கோட்டையன்
(பட்டறை முத்திரை கீழே குத்தியிருக்கிறேன்)