பெயர் சொல்லி வேண்டிய நாள்

என் பொறுமைசாலி அண்ணனுக்கு,

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. செஞ்சிக் கோட்டைக்கு இப்போது உலகப் பாரம்பரியச் சின்னம் என்று பெரிய பெயர் வந்துவிட்டதால் ஞாயிற்றுக்கிழமைகளில் செஞ்சி பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. நம் ஊர் மாதா கோயிலில் மட்டும் எங்கே வேண்டுமானாலும் கால் நீட்டி உட்காரலாம். உனக்குப் பிறகு ஜெபம் நடத்த வேறு உபதேசியார் வரவில்லை. பங்குச் சாமியார் வராத ஞாயிறுகளில் நான்தான் ஜெபம் சொல்கிறேன், கேட்பதற்கு நாலு பேர் இருந்தால் அதிகம்.

உனக்குச் சொல்ல நல்ல செய்தி எதுவும் என்னிடம் இல்லை அண்ணா. போன மாதம் சவரிமுத்து செத்துப்போனார். கூடப்பிறந்த தம்பி லூர்துசாமி ஒரு பிடி மண் போடக்கூட வரவில்லை. பெட்டி அவன் வாசல் வழியாகத்தான் போனது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தான்.

இரண்டு பேருக்கும் பொதுவான கிணற்றில் யார் முறைக்கு மோட்டார் போடுவது என்பதில் தொடங்கிய சண்டை. சவரிமுத்து மண்வெட்டிக் காம்பால் அடித்ததில் தம்பிக்கு ஒரு காது கேட்காமல் போயிற்று. அன்றிலிருந்து பதினோரு வருஷம் நீ ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் இரண்டு வீட்டுக்கும் ஜெபமாலையோடு போனாய். சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாய். யார் பெயரும் சொல்லாமல் ஜெபம் சொல்வாய், எழுந்து வருவாய். சவரிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். லூர்துசாமி டிவி சத்தத்தைக் கூட்டுவான்.

எனக்கு எரிச்சலாக வரும். "இத்தினி வருசமா போறியே, இன்னா ஆச்சு?" என்று உன்னிடம் கத்தியிருக்கிறேன்.

"போறது என் வேலை. மத்தது ஆண்டவர் வேலை. நீ அதுல கைய வைக்காத புஷ்பம்" என்பாய்.

நான் வைத்தேன்.

உன் முப்பதாம் நாள் பூசைக்கு இரண்டு பேருமே வந்திருந்தார்கள். பதினோரு வருஷத்தில் முதல் முறையாக ஒரே கூரையின் கீழ், இரண்டு குடும்பமும் பிள்ளைகளோடு. நீ அதைப் பார்க்கவில்லையே என்று அப்போதே அழுதேன். பேசாமல் அழுதுகொண்டே இருந்திருக்கலாம். சாமியார் என்னை மன்றாட்டு வாசிக்கச் சொல்லியிருந்தார். நோயாளிகளுக்காக, மழைக்காக, உன் ஆத்துமத்துக்காக என்று மூன்று எழுதிவைத்திருந்தேன். நான்காவதை அங்கேயே சேர்த்துவிட்டேன். "சவரிமுத்து, லூர்துசாமி என்கிற இந்த இரண்டு சகோதரர்களும் பகையை விட்டுச் சமாதானமாக வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்" என்று மைக்கில் வாசித்தேன்.

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சபை பதில் சொல்ல வேண்டும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. முதலில் லூர்துசாமியின் மனைவி பிள்ளையை இழுத்துக்கொண்டு எழுந்தாள். பின்னாலேயே அவனும் போனான். சவரிமுத்து நேராக என்னிடம் வந்து நின்றார்.

"உபதேசியாருக்காவ வந்தேன்மா. சாமி முன்னால வெச்சு என் மானத்த வாங்கிட்டியே."

நீ பெயரே சொல்லாமல் ஏன் வேண்டினாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன பிரயோஜனம்? வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பூசை முடிந்து இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள். இட்லி அவ்வளவும் மீந்துபோனது. அதற்குப் பிறகு இரண்டு வீட்டாரும் கோயில் பக்கமே வரவில்லை. அவர்களுக்கு வேண்டியவர்களும் நின்றுவிட்டார்கள்.

ஆண்டவரிடம் சண்டை போட்டேன் அண்ணா. என் அண்ணன் பதினோரு வருஷம் நடந்து செய்ததை நான் ஒரே நிமிஷத்தில் கெடுக்க ஏன் விட்டீர் என்று கேட்டேன். சவரிமுத்தை எடுத்துக்கொள்ள அப்படி என்ன அவசரம் என்றும் கேட்டேன். சமாதானம் ஆக வேண்டியவர்களில் ஒருவர் மண்ணுக்குள் போய்விட்டார். இனி எதற்காக நான் வேண்டுவது? நீயாக இருந்தால் என்ன செய்வாய்? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பாய் என்றுதான் தோன்றுகிறது.

அதனால் கிளம்பினேன். அடக்கம் முடிந்த சனிக்கிழமை சாயங்காலம் லூர்துசாமி வீட்டுக்குப் போனேன். கதவு திறக்கவில்லை. "இன்னாத்துக்கு வந்த? போயிடு" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. வாசலிலேயே உட்கார்ந்து ஜெபமாலை சொன்னேன். அடுத்த இரண்டு சனிக்கிழமையும் போனேன். இந்த மூன்று வாரத்தில் மனிதர்கள்மேல் இருந்த நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. ஆண்டவர்மேல் போகவில்லை, ஏன் என்று கேட்காதே. என்னை மாதிரி ஒருத்தியையே இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டவர் லூர்துசாமியை விட்டுவிடுவாரா?

ஒன்றைத்தான் தப்பாகச் செய்துவந்தேன். ‘அருள் நிறைந்த மரியே’யை ஒருவர் பாதி சொன்னால் மற்றவர் மீதிப் பாதியைச் சொல்லி முடிக்க வேண்டும். பதில் சொல்ல ஆளில்லை என்று இரண்டு பாதியையும் நானே கடகடவென்று சொல்லிவிட்டு எழுந்து வந்துகொண்டிருந்தேன். இனி அப்படிச் செய்யமாட்டேன். இந்தச் சனிக்கிழமையும் போவேன், உடம்பில் தெம்பு இருக்கிறவரை எல்லாச் சனிக்கிழமையும் போவேன். என் பாதியை மட்டும் சொல்வேன். அவன் பாதியை அவனுக்காக விட்டுவிட்டு, அந்தச் சாத்தின கதவுக்கு முன்னால் காத்திருப்பேன் அண்ணா.

உன் கோபக்காரத் தங்கச்சி,
புஷ்பம்