ரேடியோ மேஜை மேல் லைட்ஹவுஸ்

வேணி,

ரேஷன் கடையிலிருந்து நீ வருவதற்குள் பஸ் போய்விடும். கிழங்கான் மீனைக் கழுவி மூடி வைத்திருக்கிறேன், பூனை ஜாக்கிரதை. நம் கடைச் சாவி ஆணியில் தொங்குகிறது. மத்தியானம் என் மாமா மறுபடியும் சாப்பிட வருவார்.

நேற்று அவர் உன் லைட்ஹவுஸைப் பார்த்து, "இன்னாடா இது, யார் கட்டுனது?" என்று கேட்டதற்கு, பக்கத்து வீட்டுப் பசங்க என்று நான் சொன்னது தப்புதான். பாரீசிலிருந்து உன் அக்கா அனுப்ப அனுப்ப நீ சேர்த்து வைத்து, ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் பிளாஸ்டிக் பொம்மைக் கல்லைப் பார்த்து, பெண்டாட்டி விளையாடுகிறாள் என்று சிரிப்பாரோ என்று பயந்துவிட்டேன். "நான் கட்டுனதுன்னு சொன்னா உங்க மீசை கொட்டிப் பூடுமா?" என்று கேட்டுவிட்டு, நீ அதைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளறையில் வைத்துவிட்டாய்.

அதனால்தான் இன்று அதை உள்ளறையிலிருந்து எடுத்து, வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கட்டும் என்று ரேடியோ மேஜை மேல் வைக்கப் போனேன். கை தவறிவிட்டது. மேல்பாதி பிரிந்து கூடமெல்லாம் கொட்டிவிட்டது. கத்தாதே, எல்லாவற்றையும் பொறுக்கி நானே திரும்பக் கட்டிவிட்டேன். இவ்வளவு கஷ்டமான வேலை என்று சத்தியமாகத் தெரியாது.

நடேசன்

சொல்ல மறந்துவிட்டேன். கட்டி முடித்த பிறகு நாலு கல் மிச்சம். எங்கே சேரும் என்று புரியவில்லை, உப்பு ஜாடி பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. மாமா கேட்டால் நீயே சொல்லிவிடு: "கீழ நேரா நிக்கிறது நான் கட்டுனது. மேல கோணலா இருக்கிறது உங்க மருமவன் கட்டுனது."