கழற்றி வைத்த கதவு

அன்புள்ள உங்களுக்கு,

நாங்கள் நலம். அப்படித்தான் எழுத வேண்டும் என்று மகள் சொல்லியிருக்கிறாள். போனில் பேசினால் ஒரு சொல் விடாமல் அவள் காதில் விழும். இந்த வீட்டுச் சுவரின் லட்சணம் அது. அதனால்தான் கடிதம்.

மாப்பிள்ளையை வேலைக்கு வரச் சொல்லிக் கம்பெனிக்காரர்கள் அனுப்பிய படத்தில் பால்கனி இருந்தது, சோபா இருந்தது, ஜன்னலுக்கு வெளியே மரம்கூட இருந்தது. அது வேறு வீடாம். இது தற்காலிக வீடாம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவரைத் தடவலாம். குழாயில் வெந்நீர் வருவதற்குள் குளிக்கிற ஆசையே போய்விடும். எதைக் கேட்டாலும் மாப்பிள்ளை, "கொஞ்ச நாள்தானே அத்தை" என்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நீங்கள் கல்யாணத்துக்கே வராமல் அவமதித்த அந்தப் பிள்ளை தங்கமானவர். இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

என் வயிறு எரிந்தது படுக்கையறையைப் பார்த்துத்தான். கட்டில் அடைத்துக்கொண்டிருப்பதால் கதவு பாதிதான் திறக்கும். நிறைமாதக்காரி எப்படி நுழைவாள்? நான் வந்து சேரும்வரை நாற்காலியில் சாய்ந்தே தூங்கியிருக்கிறாள். போனில் மூச்சு விடவில்லை.

மறுநாளே மாப்பிள்ளையும் நானும் கதவைக் கழற்றி வெளியே வராந்தாவில் சாத்தி வைத்தோம். கட்டட மேனேஜர் குய்யோ முறையோ என்று வந்தார். "வயித்தைக் கழட்டி வெச்சுட்டா என் பொண்ணு உள்ள போவா? கதவைத்தானே கழட்ட முடியும்!" என்று தமிழிலேயே கத்தினேன். இவள் அதை எப்படி மொழிபெயர்த்தாளோ, 'ஸாரி' மட்டும் எனக்குப் புரிந்தது. இவள் எதற்கு ஸாரி கேட்க வேண்டும்? இன்னும் எனக்கு ஆறவில்லை. அந்த ஆள் அவள் வயிற்றைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், வந்த வழியே போய்விட்டார். மாற்று வீட்டைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

அன்று கட்டிலில் காலை நீட்டிப் படுத்தவள், "அப்பா எப்படிம்மா இருக்கார்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "அவளா தேடிக்கிட்டது, அனுபவிக்கட்டும்" என்று நீங்கள் சொன்னதை நான் எந்த வாயால் சொல்வேன்? "உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கார்" என்று பொய் சொன்னேன். அதை மெய்யாக்குவது உங்கள் பொறுப்பு.

மாத்திரையை மறக்க வேண்டாம். பிரசவத்துக்கு முன்னால் வந்து சேருங்கள். வீம்பை அங்கேயே வைத்துப் பூட்டிவிட்டு வாருங்கள், இங்கே அதற்கு இடமில்லை. உங்களுக்கு மட்டும் என் பாயில் பாதி இருக்கிறது.

இப்படிக்கு,
கோபம் குறையாத
உங்கள் மனைவி